ஈரப் பலகையும் என் ஆள்காட்டி விரலும்

ஐப்பசி 9, வியாழன்
மூன்றாம் நாளாக மழை. கிணற்றடி முழுக்கச் சேறு.
"சார், விரல் வலிக்கு. நிறுத்தட்டுமா?" நான் வாத்தியாராக இருந்தபோது ஐந்தாம் வகுப்பு முத்தையா ஒருநாள் கேட்டது. இம்போசிஷன், நூறு தடவை. "எழுதுலே, பழகிப்போகும்" என்றேன். இத்தனை வருடம் நினைவே இல்லை. இன்று காலை சட்டைப் பித்தான் போட முடியாமல் நின்றபோது வந்தது. வலது ஆள்காட்டி விரல் அடியில் வீக்கம். மடக்கினால், நீட்ட இடது கை வேண்டும்.
காரணம் கேரம். ஊர் மன்றத்துப் பலகை ஈரம் குடித்து உப்பியிருக்கிறது. காய் நகர மறுக்கிறது. காயவைப்போம் என்று ஒரு மடையனுக்கும் தோன்றவில்லை, என்னையும் சேர்த்து. பலமாகச் சுண்டுவதுதான் வீரம். தினம் மூன்று மணியிலிருந்து விளக்கேற்றும்வரை.

10, வெள்ளி
தூறல். ஆட்டத்தில் என் ஜோடி வேலாயுதம், ரிட்டயர்டு போஸ்ட் மாஸ்டர், குடையோடு வாசலில்.
"ஞாயித்துக்கெழம சிவகிரிக்காரன் போட்டிக்கு வாரான். நீரு என்னடான்னா விரல தூக்கிப் பாத்துக்கிட்டு இருக்கீரு!"
"வலிக்குவே."
"பத்து ஆட்டம் போட்டா சூட்டுல சரியாயிரும், வாரும்."
போனேன். அவரைத் திட்டி என்ன? எழுந்து போன என் கால்களை அல்லவா திட்ட வேண்டும். பதினோரு ஆட்டம். கடைசியில் சிவப்புக்காய் விழுந்தது, கைதட்டல். வீட்டில் சோறு பிசைய முடியவில்லை.
என் மனைவி சிவகாமி: "பேரனுக்கு ஊட்டுத கரண்டி இருக்கு. எடுத்தாரட்டா?"
தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். அவள்மேல் கோபமில்லை. அது அவளுக்குத் தெரிந்திருக்குமா?

11, சனி
இது இடது கையில் எழுதுவது. கோழிக் கிறுக்கல்.
ஆஸ்பத்திரி. கம்பவுண்டர் அதே முத்தையா. தொப்பை போட்டுவிட்டான். விரலை மெல்ல மடக்கிப் பார்த்தான்.
"இப்படியே ஆடுனீயன்னா மடங்குனது மடங்குனபடியே நின்னுரும் சார். அப்புறம் பேனாவ மறந்துர வேண்டியதுதான்."
கட்டுப் போட்டுக்கொண்டே, "பழகிப்போகும்னு சொல்லுவீயளே, பழகலியோ?"
சிரித்துத்தான் கேட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முப்பத்திரண்டு வருடம், எத்தனை பிள்ளைகளிடம் அதே பதில்!
வாங்க வேண்டியவை: போரிக் பவுடர், ஒத்தட வெந்நீருக்கு விறகு.

12, ஞாயிறு
வெயில். எட்டு மணிக்கே மன்றம். பலகையை ஒற்றைக் கையால் இழுத்து வந்து வெளிச்சுவரில் சாய்த்தேன்.
வேலாயுதம் ஓடி வந்தார். "போர்டு வளைஞ்சிரும்வே!"
"விரல் வளைஞ்சா உமக்குப் பரவாயில்லியோ?" கத்திவிட்டேன். தெரு திரும்பிப் பார்த்தது.
மூன்று மணிக்குப் போட்டி. நான் ஆடவில்லை. என் இடத்தில் ஜவுளிக்கடைக்காரர். பவுடர் தூவி வேலாயுதம் முதல் காயைச் சுண்டினார். அடித்த வேகத்தில் காய் பலகையைத் தாண்டித் தரையில் விழுந்தது.
"என்னவே இது, தொட்டாலே ஓடுது!"
அப்போதுதான் என்மேலேயே கோபம் தலைக்கேறியது. அரை நாள் வெயில். இவ்வளவுதான் வேண்டியிருந்தது.
யார் ஜெயித்தது என்று பார்க்கவில்லை. இடது கையாலேயே எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டு வந்தேன்:
ஒரு ஆட்டம் முடிந்ததும் கையை மடியில் வை. நூறு எண்ணும்வரை எடுக்காதே.