ஊழியத் தத்துவம், ஆயிரம் சொற்களுக்கு மிகாமல்

ஜூன் 10, செவ்வாய்

திருமண்டல அலுவலகத்திலிருந்து படிவம் வந்துவிட்டது. குருப்பட்டத்துக்கான விண்ணப்பம். பெயர், பிறந்த தேதி, ஞானஸ்நானம் பெற்ற தேதி, இரத்த வகை. இரத்த வகை எதற்கு? பிரசங்கம் பிடிக்காமல் யாராவது நாற்காலியைத் தூக்கி எறிந்தால் உதவும் என்று நினைத்திருப்பார்கள். கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம்: 'உமது ஊழியத் தத்துவத்தை ஆயிரம் சொற்களுக்கு மிகாமல் எழுதுக.' ஜூலை 15 அன்று நேர்காணலுக்கு வரும்போது கையோடு கொண்டுவர வேண்டும்.

மூன்று வருடமாகப் பொன்மலை சபையில் உதவி ஆயராக இருக்கிறேன். அறிவிப்பு வாசித்திருக்கிறேன். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு பிஸ்கட் வாங்கியிருக்கிறேன். மைக் வேலை செய்யாதபோது அதன் தலையில் தட்டியிருக்கிறேன். இதற்கெல்லாம் பின்னால் ஒரு தத்துவம் இருந்ததென்று எனக்கே இன்றுதான் தெரியும்.

கேலி ஒரு பக்கம் இருக்கட்டும். குருப்பட்டம் கிடைத்தால்தான் நான் அப்பமும் திராட்சரசமும் கொடுக்கும் திருவிருந்தை நடத்தலாம், கல்யாணம் நடத்தி வைக்கலாம். அதுவரை பெரிய ஆயருக்குப் பின்னால் திராட்சரசப் பாத்திரத்தை ஏந்திக்கொண்டு நடக்கும் ஆள்தான். நாற்பது வயதாகிறது. எனக்கு அது வேண்டும். வேண்டாதவள் மாதிரிப் பேசினால் பொய்.

என் வீட்டுக்காரர் நவநீதன் படிவத்தைப் புரட்டிப் பார்த்தார். ரயில்வே ஒர்க் ஷாப்பில் இருபது வருடம் வெல்டிங் பார்க்கும் தன்னிடம்கூட இப்படி யாரும் கேட்டதில்லையாம். கேட்டால் என்ன சொல்வீர்கள் என்றேன். "ஒட்டணும். அவ்வளவுதான்" என்றார். அவருக்குக் குருப்பட்டம் கொடுத்துவிடலாம்.

ஜூன் 12, வியாழன்

'ஊழியம் என்பது அர்ப்பணிப்பு.' அடித்துவிட்டேன்.

'ஊழியம் என்பது தாழ்மை.' இதை நானே எழுதிக்கொடுத்தால் தாழ்மை எங்கே இருக்கிறது? அதையும் அடித்துவிட்டேன்.

என்னோடு இறையியல் கல்லூரியில் படித்தவர் தன் தத்துவத்தை வாட்ஸப்பில் அனுப்பியிருக்கிறார். பேரை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள், ஏற்கெனவே நாலு பேர் மாற்றிக்கொண்டார்கள் என்று கீழே ஒரு குறிப்பு. ஐந்து ஆயர்களுக்கு ஒரே தத்துவம். ஐக்கியம் என்றால் இதுதான்.

ஜூன் 14, சனி

எங்கள் சபை அடைக்கலம் ஐயா போன் பண்ணினார். சர்க்கரையால் இடது காலை எடுக்க வேண்டுமாம், முழங்காலுக்குக் கீழே. ஆபரேஷனுக்கு முன்னால் ஒருதரம் திருவிருந்து எடுக்க வேண்டுமாம். "வீட்டுக்கு வந்து குடுப்பாங்களா, ஆயரம்மா?" என்று கேட்டார். கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

கேட்பதற்கு என்ன இருக்கிறது? அவருக்குத் திருவிருந்து கூடாது என்று போன டிசம்பரில் சபைக் கமிட்டி முடிவெடுத்தது. அவர் மகன் ஸ்ரீரங்கத்து ஐயங்கார் வீட்டுப் பெண்ணைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டான். கோயிலில் மூன்று ஞாயிறு கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கவில்லை, ஆசீர்வாதம் இல்லை, ஒன்றுமில்லை. அடைக்கலம் ஐயா ரிஜிஸ்தர் ஆபீசுக்குப் போய்ச் சாட்சிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, வெளியே வந்து மணமக்களுக்கு ஜெபமும் பண்ணினார். கமிட்டிக்கு அந்த ஜெபம்தான் பொறுக்கவில்லை. சபை முன்னால் எழுந்து நின்று வருத்தம் தெரிவிக்கிறவரை திருவிருந்து கிடையாது என்று கடிதம் போயிற்று.

கடிதத்தை எழுதியது யார்? உதவி ஆயர் கேத்தரின். கையெழுத்து: 'பெரிய ஆயருக்காக'. எழுதி முடித்துவிட்டு, தமிழ் நன்றாக வந்திருக்கிறதென்று ஒருதரம் படித்துப் பார்த்துக்கொண்டதும் ஞாபகம் இருக்கிறது.

ஜூன் 17, செவ்வாய்

காவிரிப் பாலம் தாண்டி ஸ்கூட்டியில் ஸ்ரீரங்கம் போனேன். அடைக்கலம் ஐயா இப்போது மகன் வீட்டில், மூலத்தோப்பில் இரண்டாம் மாடி. மகன் வேலைக்குப் போயிருந்தான். மருமகள் மாதுரி கதவைத் திறந்து, "வாங்கோ மேடம், அப்பா காத்துண்டிருக்கார்" என்றாள்.

ஐயாவுக்குக் கண்ணும் எப்போதோ மங்கிவிட்டது. தினமும் காலையில் மாதுரிதான் அவருக்கு வேதம் வாசிக்கிறாளாம். நான் போனபோதும் வாசித்துக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் பாசுரம் படித்த வாய். ஒரு சொல்லையும் விழுங்காமல், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி வாசித்தாள். எங்கள் சபையில் அந்த மாதிரி வாசிக்க ஆளில்லை, என்னையும் சேர்த்து. முடிந்ததும் ஐயா என்னை வாசிக்கச் சொல்வார் என்று கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன். அவர் சொல்லவில்லை. என் வேலைக்கு ஆள் எடுத்துவிட்டார்கள், குருப்பட்டமெல்லாம் கேட்காமல்.

அவள் அம்மா அப்பா நாலு தெரு தள்ளித்தான் இருக்கிறார்கள். வருவதில்லை. அங்கே கமிட்டி கூட்டவில்லை, தீர்மானம் போடவில்லை, கடிதமும் இல்லை. வராமல் இருந்துவிட்டார்கள். வேலை சுத்தம்.

கிளம்பும்போது மாதுரி மாடிப்படி வரைக்கும் வந்தாள். அந்தக் கடிதம் நீங்கள் எழுதினதா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் குரலை உயர்த்தவில்லை, முகத்தையும் சுளிக்கவில்லை.

"அப்பாக்குக் கண்ணு தெரியாதே மேடம். நான்தான் வாசிச்சுக் காமிச்சேன். 'அவிசுவாசியான பெண்'னு வர்ற எடத்துல கொஞ்சம் நிறுத்தினேன். அப்பா பரவால்லம்மா, படின்னார். படிச்சேன்."

ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு எப்படிப் பாலம் ஏறினேன் என்று தெரியவில்லை. ச்சே. யாரு வாசிப்பான்னு ஒரு நிமிஷம் நெனச்சேனா? அவருக்குக் கண்ணு தெரியாதுன்னு எனக்குத் தெரியாதா? தெரியும்! நல்லாத் தெரியும்!

ஜூன் 18, புதன்

எழுதவில்லை. ஒன்றும் எழுதவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் பெரிய ஆயரிடம் பேசினேன். அடைக்கலம் ஐயா வீட்டுக்குப் போய்த் திருவிருந்து கொடுக்க வேண்டும், என்னால் நடத்த முடியாது, நீங்கள்தான் வர வேண்டும். அவர் நல்லவர். ரிட்டயர் ஆக ஏழு மாதம் இருக்கும் நல்லவர். செயலாளரைக் கேளுங்கள் என்றார். செயலாளர் சவரிநாதன் கமிட்டியைக் கேட்க வேண்டும் என்றார். கமிட்டி கூடுவது ஜூலை 20. கால் எடுப்பது ஜூலை 9. கமிட்டியைக் காலுக்காக முன்னால் வைக்க முடியாதாம். காலைக் கமிட்டிக்காகத் தள்ளி வைக்கலாம் போலிருக்கிறது.

சவரிநாதன் ஒரு வழியும் சொன்னார். ஐயா போனிலேயே வருத்தம் சொல்லட்டும், ஸ்பீக்கரில் போட்டு மைக்கில் பிடித்துவிடலாம். சபை கேட்ட மாதிரி ஆயிற்று.

அப்புறம் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "குருப்பட்டம் வர்ற நேரம். சபைலருந்து சிபாரிசுக் கடிதம் நான்தான் எழுதணும். பாத்து நடந்துக்குங்க, ஆயரம்மா." அன்பாகத்தான் சொன்னார். கேசரியும் கொடுத்தார். சாப்பிட்டேன்.

ஜூன் 26, வியாழன்

தத்துவம், மூன்றாவது பிரதி. 612 சொற்கள். 'உடைந்தவர்களோடு உடனிருத்தல்' என்று ஒரு தலைப்பு வைத்திருக்கிறேன். உடைந்தவர்களுக்குக் கடிதம் எழுதுவது எந்தத் தலைப்பில் வரும்?

நவநீதன் படித்துவிட்டு நல்லா இருக்கு என்றார். யாரைப் பற்றி எழுதியிருக்கிறாய் என்று கேட்டார்.

ஜூலை 2, புதன்

மறுபடி ஸ்ரீரங்கம். போன் யோசனையைச் சொல்லும் பொறுப்பு எனக்கு. வேறு யாருக்கு?

ஐயா முழுக்கக் கேட்டார். கோபப்படவில்லை. "நான் என்ன தப்புப் பண்ணேன்னு சொல்லுங்க. தப்புன்னா ஸ்பீக்கர் எதுக்கு, வந்தே மன்னிப்புக் கேட்டுக்கிறேன். இந்தப் புள்ள எனக்குப் புண்ணு தொடைக்குது. இத வச்சுக்கிட்டு இவ வந்தது தப்புன்னு நான் எந்த வாயால சொல்ல?" என்றார்.

மாதுரி சமையலறையில் இருந்தாள். பாத்திரச் சத்தம் நின்றது.

நானும் பதில் சொல்லவில்லை. அதற்குத்தானே மூன்று வருடம் படித்தது, பதில் சொல்லாமல் இருப்பதற்கு. கடிதத்துக்கு மன்னிப்பாவது கேட்டிருக்கலாம். வாய் வரை வந்தது. டீ நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஜூலை 6, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன். நாளைக்கு ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள்.

மாதத்தின் முதல் ஞாயிறு, திருவிருந்து. பிரசங்கம் நடந்துகொண்டிருக்கும்போது அடைக்கலம் ஐயா வந்தார். சக்கர நாற்காலி, பின்னால் தள்ளிக்கொண்டு மாதுரி, கூட மகன். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அத்தனை பேரும் திரும்பாமலேயே பார்த்தார்கள்.

திருவிருந்து நேரம் வந்ததும் மாதுரி நாற்காலியை முன்னால் கொண்டுவந்து, எல்லோரும் முழங்கால்படியிடும் கம்பித் தடுப்பின் வலது ஓரத்தில் நிறுத்திவிட்டு, பின்வரிசைக்குப் போய் நின்றுகொண்டாள். பெரிய ஆயர் அப்பத்தோடு இடப்பக்கத்திலிருந்து வந்தார். பின்னால் பாத்திரத்தோடு நான். ஒவ்வொருவராகக் கொடுத்துக்கொண்டே போனோம். கடைசியில் ஐயா. கண் தெரியாததால் காலடிச் சத்தத்தை வைத்து வாயைத் திறந்துகொண்டார். பெரிய ஆயர் நின்றார். கூட்டத்தைப் பார்த்தார். முன்வரிசையில் சவரிநாதன். ஆயர் அப்பத்தோடு திரும்பிப் பீடத்துக்குப் போய்விட்டார்.

ஐயாவுக்குத் தெரியாது. வாயைத் திறந்தபடியே இருந்தார்.

நான் ஒரு வீராங்கனையும் இல்லை. கொள்கைக்காக எதுவும் செய்யவில்லை. கணக்கெல்லாம் போட்டேன் — சிபாரிசுக் கடிதம், நேர்காணல், மூன்று வருடம், எல்லாம் அந்த ரெண்டு எட்டில் வந்து போயிற்று. நானும் திரும்பிவிடலாம் என்றுதான் கால் போனது. ஆனால் ஒரு மனுஷன் வாயைத் திறந்து வைத்துக்கொண்டிருக்கிறார். அதை மூடச் சொல்ல என்னால் முடியவில்லை. பாத்திரத்தை அவர் உதட்டில் வைத்தேன். சொல்ல வேண்டிய வார்த்தைகளைச் சொன்னேன். குடித்தார்.

"அப்பம்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"இன்னிக்கு இது மட்டும்தாங்கய்யா" என்றேன். சரி என்று தலையாட்டினார். ரேஷன் கடையில் சர்க்கரை இல்லை, அரிசி மட்டும்தான் என்று சொன்னால் தலையாட்டுவார்களே, அப்படி.

ஜூலை 7, திங்கள்

நான் கொடுத்தது செல்லாது என்று சவரிநாதன் போனில் சொன்னார். அப்பமில்லாமல் பாத்திரம் மட்டும் கொடுக்கச் சட்டத்தில் இடமில்லை. செல்லாததற்கு உங்களுக்கு ஏன் இத்தனை கோபம் என்று கேட்டேன். வைத்துவிட்டார்.

ஜூலை 10, வியாழன்

நேற்று ஆபரேஷன் முடிந்தது. நன்றாக இருக்கிறார். ஆஸ்பத்திரி வராந்தாவில் மாதுரியிடம் மன்னிப்புக் கேட்டேன். கடிதத்துக்காக, அந்த ஒரு வார்த்தைக்காக, வாசிக்க வைத்ததற்காக. தயார் பண்ணிக்கொண்டு போன வாக்கியம் எதுவும் வரவில்லை, அழுகைதான் வந்தது. ஆஸ்பத்திரிக்கு வந்த ஆயர் அழ, நோயாளி வீட்டுப் பெண் தண்ணி பாட்டிலைத் திறந்து கொடுத்தாள். "எனக்கும் கோவம் இருந்துது மேடம். இப்ப இல்லைன்னு சொல்ல மாட்டேன், கொறைஞ்சிருக்கு" என்றாள். அது போதும்.

ஜூலை 15, செவ்வாய்

நேர்காணல். ஏழு பேர், ஏழு பிளாஸ்க். என் தத்துவத்தைக் கேட்டார்கள். 612 சொற்களைக் கிழித்துப் போட்டுவிட்டேன் என்றேன். வாயால் சொல்லுங்கள் என்றார்கள்.

"வரிசையில நிக்கிற யாரையும் தாண்டிப் போகக் கூடாது. ஒருதரம் தாண்டிப் போயிருக்கேன், லெட்டர் எழுதி. இனிமே முடியாது."

ஒருவர் பேனாவை மூடினார். இன்னொருவர், ஆயிரம் சொல் கேட்டிருந்தோமே என்றார். நிஜமாகவே வருத்தப்பட்டார், பாவம்.

ஜூலை 28, திங்கள்

கடிதம் வந்தது. குருப்பட்டம் ஓராண்டு தள்ளிவைப்பு. தொட்டியத்துக்கு மாற்றம், உதவி ஆயராகவே. 'தங்கள் ஆவிக்குரிய வளர்ச்சிக்காக.' எழுதியவருக்குத் தமிழ் நன்றாக வருகிறது. ஒருதரம் படித்துப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அழுதேன். இதில் கேலி பண்ண ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

அங்கே திருமண்டலத்தில் இன்று குருப்பட்ட ஆராதனை. அந்த ஒரே தத்துவக்காரர்கள் ஐந்து பேருக்கும் கிடைத்துவிட்டது. இங்கே தொட்டியத்தில் சபைக்குப் பதினொரு பேர், சுற்றிலும் வாழைத்தோப்பு. மைக் இல்லை. தட்ட ஏதுமில்லாமல் கை சும்மா இருக்கிறது.

செப்டம்பர் 21, ஞாயிறு

ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்து சேலை மாற்றக்கூட இல்லை, வாசலில் கார். அடைக்கலம் ஐயா, மகன், மாதுரி. இறக்கி உட்கார வைக்கவே கால் மணி நேரம் ஆயிற்று. எனக்குப் பதறிவிட்டது.

"இன்னிக்குத் திருவிருந்து இல்லைங்கய்யா. முசிறிலருந்து ஆயர் முதல் ஞாயிறுதான் வருவார். எனக்குக் குடுக்க அதிகாரமும் இல்ல. இவ்வளவு தூரம் வீணா வந்துட்டீங்களே."

"அது தெரியும், ஆயரம்மா. நாங்க அதுக்கு வரல. வீடு சந்திப்புக்கு வந்திருக்கோம்."

யார் வீட்டை யார் சந்திப்பது! ஆனால் கிரமமாக விசாரித்தார். சாப்பாடு யார் செய்கிறார்கள், நவநீதன் வாரா வாரம் வருகிறாரா, தூக்கம் வருகிறதா, இளைத்துவிட்டேனா. நான் வீடு வீடாகப் போய்க் கேட்கும் அதே கேள்விகள், அதே வரிசையில். ஒவ்வொன்றுக்கும் நன்றாயிருக்கிறேன் என்று சொன்னேன். எல்லோரும் என்னிடம் சொல்கிற பொய்.

"ஜெபம் பண்ணிட்டுப் போறோம். கண்ண மூடுங்க" என்றார்.

மூடினேன். எத்தனையோ வீட்டில் ஜெபித்திருக்கிறேன், என் வீட்டுக்கு வந்து எனக்காக யாரும் ஜெபித்ததில்லை. அவர் ஜெபம் எங்கெங்கோ சுற்றியது. வராத பென்ஷன் ஆர்டர், செயற்கைக் கால், மருமகளைப் பெற்றவர்கள், சவரிநாதனின் முதுகுவலி. இது முடிகிற வழியாக இல்லை என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டிருக்கும்போது என் பெயர் வந்தது. கேத்தரின் என்றார். ஆயரம்மா என்று சொல்லவில்லை. கேத்தரின் தனியா இருக்கா, நீர் பாத்துக்கும், அவ்வளவுதான் கேட்டார்.

ஆமென் சொல்ல எனக்குக் குரல் வரவில்லை. மாதுரி சொன்னாள்.