எனக்கு இடமில்லாத வண்டி

இயேசு மரி சூசை துணை

அனுமந்தன்பட்டி,
திருவருகைக்கால முதல் ஞாயிறு.

அன்பு மகன் இமானுவேலுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் இங்கே அப்பா, நான், கிளாரா மூன்று பேரும் சுகம். மஸ்கட்டில் நீயும் மருமகள் எஸ்தரும் பேரப்பிள்ளைகள் இரண்டு பேரும் அதே சுகத்தோடு இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபமாலை முடிந்ததும் உங்கள் நாலு பேருக்கும் ஆளுக்கொரு அருள்நிறை மந்திரம் தனியாகச் சொல்லி வருகிறேன். போன் இருக்கும்போது அம்மா எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நீ சிரிப்பாய். போனில் பேசினால் நீ ம், ம் என்று சொல்லிவிட்டு எஸ்தர் கையில் கொடுத்துவிடுகிறாய், அவள் பிள்ளைகளிடம் கொடுக்கிறாள், அதுகள் பொம்மையைக் காட்டிவிட்டுக் கட் பண்ணிவிடுகின்றன. போதாததற்கு இந்த வீட்டில் எந்த மூலையில் நின்று பேசினாலும் கிளாரா காதில் விழும். கம்பம் மகிழன் லீவு முடிந்து மஸ்கட் திரும்புகிறான் என்று கேள்விப்பட்டேன், அதனால் தட்டையும் பருப்புப்பொடியும் வைத்த பையில் இதையும் வைத்து அனுப்புகிறேன். முழுவதும் படி, பாதியில் மடித்து வைத்துவிடாதே.

சங்கதி இதுதான் ராசா. தங்கச்சி கிளாராவுக்காக நீ புக் பண்ணியிருக்கிற ஏழு சீட்டு வண்டி வேண்டாம். வருகிற மாதம் டெலிவரி என்றாய், அதற்கு முன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடு. இதற்குள் உன் ராயப்பன்பட்டி அத்தை முந்திக்கொண்டு உனக்குப் போன் பண்ணியிருப்பார்கள் என்று தெரியும். அவர்கள் சொன்னதில் பொய் ஒன்றும் இருக்காது, ஆனால் அவர்கள் சொன்னது அவர்கள் பக்கம். என் பக்கத்தையும் கேட்டுவிட்டு அப்புறம் முடிவு பண்ணு.

முதலில் இந்தப் பெரிய வண்டிக்குத் தலைகால் தெரியாமல் ஆடியவள் நான்தான், அதை மறைக்க மாட்டேன். நீ போட்டோ அனுப்பிய அன்றே தெரு முழுக்கக் காட்டிவிட்டேன். யானை வரும் பின்னே மணியோசை வரும் முன்னே என்பார்கள், இங்கே யானை வருவதற்கு முன்னாலேயே ஆளாளுக்கு அம்பாரியில் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். நடு சீட்டில் ஜன்னலோரம் உன் அத்தைக்கு. ஜனவரியில் வேளாங்கண்ணி, அதற்கு ஒன்பது பேர் தயார். பக்கத்து வீட்டு அக்கம்மாள் தன் மகளைப் பிரசவத்துக்குத் தேனிக்கு இதில்தான் கூட்டிப்போவது என்று முடிவே பண்ணிவிட்டாள். பங்குச் சாமியாரிடம் வண்டி மந்திரிக்க நாள் கேட்டேன், அவர் பாடற்குழுப் பிள்ளைகளைப் போட்டிக்குக் கூட்டிப்போக வசதியாகப் போயிற்று என்று சந்தோஷப்பட்டார். நான் எல்லாருக்கும் சரி சரி என்றேன். ஓட்டப்போகிற பிள்ளையை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் ஒரு நாள் பாத்திரம் கழுவிக்கொண்டே, சின்ன வண்டி போதும்மா என்றாள். அண்ணன் ஆசையாக வாங்கித் தருகிறான், உனக்கு வாய்க்கொழுப்பா என்று ஏசிவிட்டேன், அதற்கு மேல் அவள் பேசவில்லை.

உனக்குத் தெரியாததா, அவள் வாயில்லாப் பூச்சி. உன் அத்தை மகள் கேட்டாள் என்று ஈஸ்டருக்கு எடுத்த புதுச் சுடிதாரை மடிப்புக் கலையாமல் தூக்கிக் கொடுத்தவள். யார் எதைக் கேட்டாலும் சரி என்பாள். லைசென்ஸ் எடுத்து ஆறு மாதம் ஆகிறது, நன்றாகத்தான் ஓட்டுகிறாள். கற்றுக்கொடுத்த சுருளிராஜன் மலை ரோட்டிலும் பல தடவை கூட்டிப்போய்ப் பழக்கியிருக்கிறார். அவரிடம் என்ன வண்டி வாங்கலாம் என்று நான் ஒரு பேச்சுக்குக் கேட்டேன். சீட்டில் உட்கார்ந்தால் முன்பக்கம் எங்கே முடிகிறது என்று கண்ணுக்குத் தெரிய வேண்டும், ஏர்பேக் இருக்க வேண்டும், ஏபிஎஸ் பிரேக் இருக்க வேண்டும், மிதித்ததும் பாய்கிற வண்டி முதல் வருஷத்துக்கு ஆகாது என்றார். அதோடு விட்டாரா, "ஓட்ட நான் கத்துக்குடுத்துட்டேன்க்கா, ஆளை ஏத்தாம இருக்க உங்க வீட்லதேன் கத்துக்குடுக்கணும்" என்றார். எனக்குச் சுருக்கென்று இருந்தது. எங்கள் வண்டியில் யாரை ஏற்றினால் இவருக்கென்ன என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஐப்பசி கடைசி ஞாயிற்றுக்கிழமை வண்டன்மேட்டில் உன் சித்தி புதுவீட்டு மந்திரிப்பு. உத்தமபாளையம் ஷேக் மைதீன் பாயை உனக்கு நன்றாகத் தெரியும், நம் திராட்சையை வாங்க வருஷா வருஷம் வருகிறவர். அவர் மகள் ஷர்மின் பள்ளிக்கூட வேலைக்குப் போக ஒரு சின்ன வெள்ளைக் கார் வைத்திருந்தாள். இப்போது கல்யாணமாகிச் சென்னைக்குப் போய்விட்டதால் அது சும்மா நிற்கிறது. ஒரு நாள் கொண்டுபோய் ஓட்டிப் பாருங்கள் தங்கச்சி, பிடித்தால் வைத்துக்கொள்ளுங்கள் என்று சாவியைக் கொடுத்தார். நீதான் பெரிய வண்டி வாங்குகிறாயே, இந்தப் பழசு எதற்கு என்று எனக்கு மனசில் இளக்காரம்தான், இருந்தாலும் மந்திரிப்புக்கு ஆகும் என்று வாங்கிக்கொண்டோம். போகும்போது கிளாரா, அப்பா, நான் மூன்று பேர்தான். கம்பம் மெட்டு ஏறினதே தெரியவில்லை. வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்து, மேலேயிருந்து வருகிற வண்டிக்கு ஒதுங்கி நின்று வழிவிட்டுப் பதவிசாகக் கொண்டுபோனாள்.

திரும்பும்போதுதான் வம்பு. உன் அத்தை, அவர்கள் மருமகள், பேரப்பிள்ளைகள் இரண்டு பேர், நாலு பேரும் பஸ்ஸில் வந்திருந்தார்கள். அவர்கள் கேட்கவேகூட இல்லை இமானு. நானாகப் போய்க் கையைப் பிடித்து இழுத்து வாங்க வாங்க என்று ஏற்றினேன். கிளாரா என்னைப் பார்த்தாள். அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்ளலாம் என்றேன். பின்னால் ஐந்து பேர், என் மடியில் ஒன்று, அத்தை மடியில் ஒன்று, காலடியில் உன் சித்தி கொடுத்த கப்பைக்கிழங்கு மூட்டை. அத்தை வேறு, ஏலத்தோட்டத்து ஜீப்புல பதினஞ்சு பேர் போறாக, இதுல ஏழு பேர் போகக் கூடாதா என்று சிரித்தார்கள், நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். செக்போஸ்ட்டுக்கு முன்னால் ஓர் ஏற்றம் வருமே, அங்கே முன்னால் போன லாரி நின்றுவிட்டது, இவளும் நிறுத்தினாள். லாரி நகர்ந்ததும் எடுத்தாள், பாரம் தாங்காமல் என்ஜின் ஆஃப் ஆகி வண்டி பின்னால் உருண்டது. பின்னால் ஒரு ஜீப்காரன் ஹாரன் மேல் ஹாரனாக அடிக்கிறான். மடியிலிருந்த பிள்ளையை நான் இறுக்கிப் பிடித்த பிடியில் அது வீறிட்டு அழுதது. கிளாரா ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பிடித்து, மறுபடி ஸ்டார்ட் பண்ணி, மெல்ல ஏற்றிவிட்டாள். ஒரு முழம் தள்ளியிருந்தால் அந்த ஜீப்பில் போய் இடித்திருப்போம்.

செக்போஸ்ட் தாண்டியதும் ஓரமாக நிறுத்தினாள். இனிமேல் முழுக்க இறக்கம். திரும்பி என்னைப் பார்த்து, சத்தம் போடாமல், "அம்மா, நீ இறங்கும்மா, பஸ்ல வா" என்றாள். எனக்குக் காது கேட்டதா இல்லையா என்றே தெரியவில்லை. நான் ஏண்டி இறங்கணும் என்றேன். "உன்னைய இறக்கிவிட்டாத்தேன் அத்தைய இறங்கச் சொல்ல எனக்கு வாய் வரும்" என்றாள். அப்பாவைப் பார்த்தேன், அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெற்ற மகள் நடுரோட்டில் இறங்கு என்கிறாள், கட்டினவர் வாயைத் திறக்கவில்லை, எனக்கு வந்த ஆத்திரத்தில் கதவை அறைந்து சாத்திவிட்டு இறங்கினேன். அத்தையும் முகத்தைத் திருப்பிக்கொண்டு இறங்கினார்கள். கப்பைக்கிழங்கு மூட்டையையும் இறக்கி எங்கள் பக்கத்தில் வைத்துவிட்டுத்தான் அவள் வண்டியை எடுத்தாள்.

கட்டப்பனையிலிருந்து கம்பம் போகிற பஸ் வரும்வரை நானும் உன் அத்தையும் ஒரு மூட்டைக்கு இரண்டு பக்கமும் நின்றோம். வளர்த்த லட்சணம் என்று அவர்கள் ஒரு தரம் முணுமுணுத்தார்கள், எனக்கே அப்போது அப்படித்தான் இருந்தது. பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. நாலைந்து வளைவு இறங்கியிருப்போம், கீழ் வளைவில் அந்த வெள்ளைக் கார் தெரிந்தது. இடது பக்கம் ஒட்டினாற்போல மெல்ல மெல்லப் போகிறது. ஜீப்புகள் ஒவ்வொன்றாக அதைத் தாண்டிப் போகின்றன, இவள் ஒன்றோடும் போட்டிக்குப் போகவில்லை. உள்ளே உன் அப்பா, அத்தையின் மருமகள், அந்த இரண்டு பிள்ளைகள். பார்த்துக்கொண்டே இருந்தேன், அழுகை வந்துவிட்டது. நான் ஏற்றிவிட்ட பாரத்தோடு இந்த இறக்கத்தில் அவளை விட்டிருந்தால் என்று நினைத்தேன், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். அத்தையும் எட்டிப் பார்த்தார்கள். பைய்யத்தேன் போகுது புள்ள என்றார்கள். ஆனால் ஊர் வந்து இறங்கியதும் பழையபடி முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார்கள், அது அவர்கள் குணம். கிறிஸ்துமஸுக்குப் பலகாரம் கொண்டுபோய் நான் பேசிச் சரிக்கட்டிக்கொள்கிறேன், நீ நடுவில் வந்து ஒன்றும் சொல்ல வேண்டாம்.

நானும் கிளாராவோடு இரண்டு நாள் பேசவில்லை, வீம்புதான். மூன்றாம் நாள் காலையில் காப்பியை வைத்துவிட்டு, கோபமாம்மா என்று கேட்டாள். கோபமில்லை, மூட்டையை எதற்கு இறக்கினாய், அதுவும் எனக்குச் சொந்தமா என்று கேட்டேன், இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். அப்புறம்தான் நிதானமாகச் சொன்னாள். "பெரிய வண்டி வந்தா ஏறாதீகன்னு யாரையும் சொல்ல முடியாதும்மா, சின்னதுன்னா இடமில்லன்னு வண்டியே சொல்லிரும்" என்றாள்.

அதனால்தான் சொல்கிறேன், அந்தப் பெரிய வண்டியை விட்டுவிடு. உனக்குத் தங்கச்சி மேல் ஆசை இல்லை என்று யாரும் சொல்லப்போவதில்லை. விரலுக்குத் தகுந்த வீக்கம் போதும். பாயின் வண்டி ஷர்மின் ஒருத்தி மட்டும் ஓட்டியது, ஏர்பேக் இரண்டு, ஏபிஎஸ் எல்லாம் இருக்கிறது, நமக்குத் தெரிந்த மெக்கானிக்கை வைத்துப் பார்த்துவிட்டோம், பிரேக்கும் டயரும் மட்டும் புதிதாகப் போட்டுக்கொள்ளச் சொன்னார். இரண்டு பக்கக் கதவிலும் கீறல் இருக்கிறது, அதுவும் நல்லதுக்குத்தான், முதல் கீறலுக்கு அவள் உட்கார்ந்து அழ வேண்டியதில்லை. தேனி காலேஜில் இவளுக்கு லேப் முடிய இருட்டிவிடுகிறது, சபரிமலைக்குப் போகிற வண்டிகள் இறங்க ஆரம்பித்துவிட்டதால் பஸ் வீரபாண்டியில் நின்றால் நின்றதுதான், அதனால் கார் கட்டாயம் வேண்டும். அப்பாவுக்கும் சாயங்காலத்துக்கு மேல் எதிர்லைட்டில் கண் கூசுகிறது, ஸ்கூட்டரை எடுக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இவள்தான் ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப்போக வேண்டும். ஒரு வருஷத்துக்குத் தனியாக மலை ஏறுவதில்லை, ஓட்டும்போது போன் பையிலிருந்து வெளியே வராது என்று அவளாகவே சொல்லியிருக்கிறாள்.

மற்றபடி இங்கே தொடர் மழையில் திராட்சைக் குலை கொஞ்சம் வெடித்துவிட்டது, அப்பாவுக்கு அந்தக் கவலை. ஆற்றில் தண்ணீர் நன்றாகப் போகிறது, இரண்டாம் போக நடவு முடிந்துவிட்டது. நீ ஊறுகாயைக் குறை, உனக்கு பிரஷர் இருப்பதை எஸ்தர் சொல்லிவிட்டாள், மறைக்காதே. எஸ்தரைப் பல்லை டாக்டரிடம் காட்டச் சொல், தள்ளிப்போட வேண்டாம். பிள்ளைகளுக்கு வாரத்தில் ஒரு நாளாவது தமிழ் எழுத்து சொல்லிக்கொடு, இல்லையென்றால் இந்தக் கடிதத்தையெல்லாம் நாளைக்கு யார் படிப்பது.

தேவதாயார் உங்கள் நாலு பேரையும் தன் முக்காட்டுக்குள் வைத்துக் காக்கட்டும். நீ தொட்டதெல்லாம் துலங்கட்டும். இந்த வாரமே கம்பெனிக்குப் பேசி வண்டியை நிறுத்திவிடு, மறந்துவிடாதே.

உன் அன்பு அம்மா,
இன்னாசியம்மாள்

பின்குறிப்பு: மே மாதம் நீங்கள் வரும்போது மதுரை ஏர்போர்ட்டுக்குக் கிளாராதான் வண்டி எடுத்து வருவாள். நீ, எஸ்தர், பிள்ளைகள் இரண்டு பேர், அவளோடு ஐந்து. எனக்கு அதில் இடமில்லை என்று இப்போதே சொல்லிவிட்டாள். நான் முதல் பஸ் பிடித்து உங்களுக்கு முன்னாலேயே அங்கே வந்து நிற்பேன், பிள்ளைகளைத் தூக்கிக் கொஞ்சிவிட்டு மறுபடி பஸ்ஸிலேயே வந்துவிடுவேன். அம்மாவும் ஏறிக்கொள்ளட்டும் என்று நீ அவளிடம் சொல்லக் கூடாது.