மணல் மேட்டுக்கு ஒரு டர்போ

மே 18, 1976

இன்றைக்கும் லாரி மணல் மேட்டில் பாதியிலேயே படுத்துவிட்டது. தென்மேற்குக் கச்சான் காற்று இந்த வருஷம் முந்திக்கொண்டு அடிக்கிறது. கடற்கரை மணலை வாரி வாரி என் தடத்திலேதான் கொட்டுவேன் என்று நிற்கிறது. டயரில் காற்றை இறக்கினேன். பனை ஓலை போட்டேன். பழைய பட்டாளத்து லாரி, நான்கு சக்கரமும் சேர்ந்துதான் சுற்றின. சுற்றி என்ன, நான்கு குழி தோண்டினதுதான் மிச்சம். பின்னால் இறால் கூடைகள், ஐஸ் உருகி ஒழுகுகிறது.

கரையில் இருந்தவர்கள் வந்து தள்ளினார்கள். "பட்டாளத்து வண்டின்னீரு? இது பென்ஷன் வாங்குன வண்டியால்லா இருக்கு" என்றான் ஒருத்தன். நானும் சிரித்தேன். நான் பிறத்தியாரைச் சொல்லுகிற மாதிரிப் பேச்சுதான். என் பக்கம் வரும்போது ருசிக்கவில்லை.

தூத்துக்குடி கம்பெனியில் பாதிக் கூடையைத் திருப்பிவிட்டார்கள். இறால் தலை கறுத்துப்போச்சாம்.

மே 20

பிளாரன்ஸ் அக்கா கூப்பிட்டு அனுப்பினாள். எல்லா வள்ளத்து இறாலையும் எடை போட்டு அனுப்புகிறவள் அவள்தான். அவள் சொன்னால் கரையில் மறுபேச்சு கிடையாது.

"எலே தொம்மை, மாதா திருநா வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள முழு லோடோட ஒன் வண்டி மேடு ஏறணும். இல்லைன்னா உடன்குடிக்காரன் டிராக்டர் கொண்டாறேங்கான்."

"டிராக்டர்ல ஏத்தினா குலுங்கிக் குலுங்கி இறாலு போற வழியிலயே தொக்கு ஆயிருமேக்கா."

அவள் சிரிக்கவில்லை. என் பேச்சுக்கு அவள் சிரிக்காத நாள் இது ஒன்றுதான்.

இந்த ஓட்டம் போனால் எனக்கு வேறு ஓட்டம் ஏது? தார் ரோட்டில் ஓட புது லாரிக்காரன் வரிசையாய் நிற்கிறான். இந்தக் கிழத்தை யார் கூப்பிடுவார்?

மே 23

என் வீட்டுக்காரி கிளாடிஸின் தம்பி சிலுவை வந்து என்ஜினைப் பார்த்தான். மீன்பிடி லாஞ்சுகளுக்கு என்ஜின் பார்க்கிறவன். வாயைத் திறந்தால் வரி விதிப்பார்கள் என்று நினைப்பு அவனுக்கு. என்ஜின் சத்தத்தை வெகுநேரம் கேட்டுவிட்டு, "இதுக்கு மூச்சு பத்தல அத்தான்" என்றான்.

புகைக்குழாயில் வீணாய்ப் போகிற புகையை வைத்து ஒரு சக்கரத்தைச் சுற்ற வைக்கலாமாம். அது வெளிக்காற்றை அமுக்கி என்ஜினுக்குள் தள்ளுமாம். காற்று கூடினால் டீசலைக் கூட்டலாம், இழுவை கூடும். டர்போ என்று பேர். கப்பல் ஜெனரேட்டரில் பார்த்திருக்கிறான்.

"விட்ட மூச்சை வச்சே திரும்ப வேலை வாங்குறதா? ஒங்கக்கா என்னை அப்படித்தாம்ல வச்சிருக்கா" என்றேன். அடுக்களையிலிருந்து கரண்டி மட்டும் எட்டிப் பார்த்தது.

மே 29

டர்போ கிடைத்துவிட்டது! புதுத் துறைமுக வேலைக்கு வந்து கண்டம் பண்ணிப் போட்ட மண் தள்ளும் மெஷின் ஒன்று, சாலிஹ் காக்காவின் பழைய இரும்புக் கடையில் துண்டு துண்டாய்க் கிடந்தது. அதிலிருந்து கழற்றினோம். இரண்டு பெரிய சங்கை முதுகோடு முதுகு ஒட்டின மாதிரி இருக்கிறது.

"வலம்புரியா இடம்புரியான்னு பாத்து எடுத்துக்கோ வாப்பா" என்றார் காக்கா. அந்த மனுஷனிடம் மட்டும் என் வாய் செல்லாது.

சிலுவை உள்ளே விரல் விட்டுச் சுண்டினான். சக்கரம் சத்தமில்லாமல் சுற்றியது. அவன் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து போச்சு.

ஜூன் 8

எதுவும் எதோடும் சேரவில்லை. மெஷின்காரன் போட்ட ஓட்டைக்கும் லாரி என்ஜின் ஓட்டைக்கும் ஏழாம் பொருத்தம். கனத்த தகடு வெட்டி, துளை போட்டு, வெல்டு வைத்து இடையில் கொடுத்தோம். பானட் மூடவில்லை. பானட்டில் சதுரமாய் வெட்டிவிட்டோம். இப்போது லாரி நாக்கைத் துருத்திக்கொண்டு நிற்கிறது.

ஜூன் 13

ஸ்டார்ட் பண்ணினோம். தெருவே வெள்ளையாகிவிட்டது. பக்கத்து வீட்டு ஜெபசெல்வி காயப்போட்ட துணியை அள்ளிக்கொண்டு ஓடினாள்: "ஏ தொம்மையண்ணே, கொசுவுக்கா புகை போடுதிய?"

டர்போவுக்கு என்ஜின் ஆயில் போய்த் திரும்ப வேண்டும். திரும்புகிற குழாயை ஒல்லியாய் வைத்துவிட்டோம். ஆயில் தேங்கி, புகைக்குழாய் வழியாய் எரிகிறது. எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். எல்லாவற்றையும்.

ஜூன் 14

கழற்றினோம்.

ஜூன் 27

புகை நின்றது. இன்று வேறு வம்பு. காற்று போகிற ரப்பர் குழாய், கொஞ்சம் வேகம் கொடுத்தாலே வெடி போட்ட மாதிரி பிடுங்கிக்கொண்டு போகிறது. கிளிப்பை முறுக்கினால் கிளிப் அறுகிறது. மாட்டுவது, ஓட்டுவது, டமார். மாட்டுவது, ஓட்டுவது, டமார். என் முழங்கையில் கொப்புளம். எந்தப் பாவி இதைக் கண்டுபிடித்தான்? அவனுக்கு வேறு வேலை இல்லையா?

சிலுவை சலிக்கவே மாட்டேன் என்கிறான். குழாய் நுனியில் விளிம்பு மாதிரி வெல்டு வைத்து அதற்குப் பின்னால் கிளிப் போட்டான். நின்றது.

ஜூலை 4

என்ன சொல்லி எழுத.

பாதி லோடில் மேடு ஏறிவிட்டது. ஏறியே விட்டது! சங்குக்குள் விசில் சத்தம். மணல் பின்னால் போகிறது, நாங்கள் முன்னால் போகிறோம். கரை முழுக்கக் கத்தல். உச்சியில் நிறுத்தி இறங்கிப் பார்த்தால், டர்போ கொல்லன் உலை மாதிரி சிவப்பாய் நிற்கிறது.

லாஞ்சில் புகைக்குழாய்க்கு ஈரச் சாக்கு சுற்றியிருப்பார்கள், பலகை பற்றிவிடக் கூடாதே என்று. சாக்கு காய்ந்தால் ஒரு வாளி கடல் தண்ணீரை ஊற்றுவார்கள். சிலுவை சின்னப் பிள்ளையிலிருந்து செய்வது. யோசித்துச் செய்யவில்லை, கை தன்னால் செய்தது. ஐஸ் உருகின தண்ணீர் ஒரு வாளி நிறைய இருந்தது. தூக்கி ஊற்றிவிட்டான்.

டிக் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். வார்ப்பு இரும்பு மேலிருந்து கீழ்வரை விரிசல் விட்டுவிட்டது.

எல்லாரும் சுற்றி நிற்கிறார்கள். ஆத்திரத்தில் என் வாய் சும்மா இருக்குமா? "பாத்துக்கிடுங்கப்பா, எங்க மாப்ள டர்போவுக்கு ஞானஸ்நானம் குடுத்துட்டாரு. ஆத்துமா நேரே மோட்சத்துக்குப் போயிட்டு. சாமியாருக்கு ஸ்தோத்திரம் சொல்லுங்க!"

கரையே சிரித்தது. சிலுவை ஸ்பானரைக் கீழே வைத்தான். எறியவில்லை, வைத்தான். மேட்டில் இறங்கி நடந்தே போய்விட்டான்.

ஜூலை 11

வெளியில் கொடுத்து வெல்டு வைத்தேன். சூடு ஏறினதும் வெல்டு பக்கத்திலேயே புதிதாய் விரிசல் விட்டது. வேறு ஆளிடம் கொடுத்தேன். அவன், "இது நிக்காதுண்ணாச்சி, கடலைப் பொதிஞ்சு வச்ச பானையில்லா இது" என்றான். என்ன அர்த்தமோ. அவனுக்கே தெரியாது.

ஜூலை 15

இது எனக்குத் தெரியாமல் போச்சே. லாஞ்சுகள் வந்து அணைகிற லாஞ்சுப் பாலத்தில் எல்லாரும் சிலுவையை "என்ன சாமியாரே" என்றுதான் கூப்பிடுகிறார்களாம். "எங்க என்ஜினைத் தொடாதியும், மோட்சத்துக்கு அனுப்பிருவீரு" என்கிறார்களாம். இரண்டு லாஞ்சுக்காரர் வேறு ஆளை வைத்துவிட்டார்களாம். கிளாடிஸ் சோற்றைத் தட்டில் வைத்துக்கொண்டே சொன்னாள்.

"தமாசுக்குத்தான சொன்னேன்."

"தமாசு ஒங்களுக்கு. பேரு அவனுக்கு."



ஜூலை 19

பாலத்துக்குப் போனேன். சிலுவை ஒரு லாஞ்சின் அடியறையில் குனிந்திருந்தான். தப்புதாம்ல என்று சொல்லத்தான் போனேன், சத்தியமாய். வாயைத் திறந்தால், "என்ன மாப்ளே, இங்கனயும் தீர்த்தம் தெளிக்கியா?" என்று வந்து விழுந்தது. எங்கிருந்து வந்தது? யார் கூப்பிட்டது அதை?

அவன் நிமிரவே இல்லை. "வேலை கிடக்கு அத்தான்" என்றான்.

வரும் வழியெல்லாம் என்னையே வைதுகொண்டு வந்தேன். இந்த வாய்க்கு ஒரு பிரேக் வைக்கிற மெக்கானிக் எங்கே இருக்கிறான்?

ஜூலை 26

மாதா கோயிலில் கொடி ஏறியாச்சு, திருநாளுக்கு இன்னும் பத்தே நாள். லாரி ஏறவில்லை. உடன்குடிக்காரன் வந்து மேட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனானாம்.

வெடித்த டர்போவைக் காணோம். கிளாடிஸைக் கேட்டேன். "எனக்கென்ன தெரியும்" என்று முறத்தில் அரிசி புடைக்கிறாள். தெரியும் அவளுக்கு.

ஆகஸ்ட் 1

காலையில் எழுந்து பார்த்தால் லாரிக்கடியில் இரண்டு கால். சிலுவை. டர்போவை மாட்டிக்கொண்டிருக்கிறான். வெடிப்பு இருந்த இடத்தில் தழும்பு மாதிரி ஒரு தடிப்பு. கரியடுப்பில் மொத்தத்தையும் பழுக்கக் காய்ச்சி, அந்தச் சூட்டோடு வெல்டு வைத்து, சாம்பலுக்குள் புதைத்துவிட்டானாம். தானாய் ஆறும் வரைக்கும் எடுக்கவே இல்லையாம். இதெல்லாம் கிளாடிஸ் சொன்னது. என்னோடு அவன் பேசவில்லை. கையை நீட்டினான், ஸ்பானரைக் கொடுத்தேன். தப்பான நம்பர். திரும்ப நீட்டினான். வேறு கொடுத்தேன்.

ஆகஸ்ட் 3

முழு லோடு. பிளாரன்ஸ் அக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கீழே நின்றாள். நான் ஓட்டினேன். சிலுவை பக்கத்தில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பாதி மேட்டில் முன்சக்கரம் ஒருமுறை தவித்தது. என் உயிரும் தவித்தது. அப்புறம் விசில் சத்தம் ஏறியது, ஏறியது, வண்டி உச்சியில் நின்றது.

என்ஜினை அணைக்கக் கையைக் கொண்டுபோனேன். சிலுவை என் மணிக்கட்டைப் பிடித்தான்.

"அணைக்காதிய. மெதுவா ஓடட்டும். தன்னால ஆறணும்."

அதனால் உட்கார்ந்திருந்தோம். என்ஜின் மெல்ல ஓடுகிறது. டர்போவின் சிவப்பு கொஞ்சம் கொஞ்சமாய்க் கறுக்கிறது. அவனும் இறங்கவில்லை, நானும் இறங்கவில்லை. நாக்கு நுனியில் ஒரு தமாசு வந்து நின்றது, நல்ல தமாசு. முழுங்கினேன்.

"அன்னைக்கு நான் பேசினது தப்புதாம்ல" என்றேன், கண்ணாடி வழியாய் மணலைப் பார்த்துக்கொண்டு.

அவன் குனிந்து ஆயில் மீட்டரைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். அது அசையவே இல்லை.

"இப்ப போலாம் அத்தான். ஐஸு உருகுது."

தூத்துக்குடி வரைக்கும் கூட வந்தான்.

ஆகஸ்ட் 9

உடன்குடிக்காரனுக்கு, வரவேண்டாம் என்று பிளாரன்ஸ் அக்கா ஆள் அனுப்பிவிட்டாள்.

ரப்பர் குழாய் வாங்க சிலுவையோடு லாஞ்சுப் பாலத்துக்குப் போனேன். "என்ன சாமியாரே" என்று ஒருத்தன் ஆரம்பித்தான்.

"ஏய், நில்லு. அது நான் வச்ச பேரு. நான் எடுத்தாச்சு" என்றேன். "அவன் பேரு சிலுவை. வெடிச்ச வார்ப்பு இரும்ப ஒட்டவச்சு அம்புட்டு மணல்லயும் வண்டிய ஏத்தினவன். ஒங்க என்ஜினுக்கு அவன் வரணும்னா இனிமே நீங்கதான் காத்துக் கிடக்கணும்."

அந்த ஆள் விடாமல், "சரி, அப்ப ஒம்மை என்னன்னு கூப்பிட?" என்றான்.

நான் பதில் தேடுவதற்குள் சிலுவை, குழாயை வளைத்துப் பார்த்தபடியே சொன்னான்: "உபதேசியாருன்னு கூப்பிடுங்க. பூசை முடிஞ்சாலும் பேச்சு முடியாது."

ஒரே சிரிப்பு. வீட்டுக்கு வருவதற்குள் தெருவுக்கும் வந்துவிட்டது அந்தப் பேர். ஜெபசெல்வி வாசலில் நின்று, "உபதேசியாரே, சாப்ட்டாச்சா?" என்கிறாள். பதில் ஒன்று தயாராய்த்தான் இருந்தது.

சாப்பிட்டாச்சு தாயி என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே வந்தேன்.