பத்மினிக்குச் சொன்ன 'போயிட்டு வா'

அண்ணா, பெரிய நியூஸ், உன் பத்மினி கார குடுத்துட்டேன், சும்மாவே குடுத்துட்டேன், திட்டாத!

சிதம்பரம் பட்டாபி சார்தான் எடுத்துட்டுப் போனாரு. பழைய கார சரிபண்றதுன்னா அவருக்கு உசுரு. அவரு யூடியூப்ல போடுற வீடியோ ஒண்ணு விடாம பாத்துருக்கேன்! அம்மாவுக்குத்தான் வாசல்ல அந்த வண்டிய பாத்தாலே சோறு எறங்கல.

எஞ்சின் இல்லாத வண்டிய லாரியில ஏத்துனப்ப, பழக்கதோஷத்துல "போயிட்டு வா"ன்னு சொல்லிட்டேன்.

"குடுத்த பொருள யாராவது வான்னு கூப்புடுவாங்களாடி?"ன்னு அம்மா கத்துச்சு.

நேத்து சார் போன் பண்ணாரு. "ஏம்மா, ஷெட்ட பூட்டிட்டுத்தான் போறேன். காலைல பாத்தா வண்டி உங்க கடலூர் பக்கம் திரும்பி நிக்குது. டிரைவர் சீட்டு வேற கடைசி வரைக்கும் பின்னாடி போயிருக்கு. உங்க வீட்ல யாரு அவ்ளோ உயரம்?"

அம்மாகிட்ட இத சொல்லல.

உன்ன தூக்கிட்டுப் போனப்ப யாருமே "போயிட்டு வா"ன்னு சொல்லல. அப்படிப் போறவங்களுக்குச் சொல்லக்கூடாதாம். என்னையும் சொல்ல விடல.

வண்டிக்குக் கேட்டுருச்சு. உனக்கும் கேட்டுச்சாண்ணா?

கேட்டுச்சுன்னா தெருமுனையில ஒரே ஒரு ஹாரன் அடி. கதவ தொறந்தேதான் வச்சிருக்கேன்.

உன் வாலு