கேமராவின் முதுகில் ஒரு கூடு

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் வேளைக்குச் சாப்பிட்டு நடமாடிக்கொண்டுதான் இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேரனும் குறையில்லாமல் இருக்க வேண்டும். நலம் விசாரித்தாயிற்று, இனி கோபம். போனில் திட்ட ஆரம்பித்தால் நடுவில் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்துவிடுவாய், அதனால்தான் கடிதம்.

நீ அனுப்பிய கட்டுரையைப் படித்தேன். மலையையும் ஆற்றையும் பார்த்து உருகிய அந்தக் காலத்துக் கவிஞர்களைப் பற்றி நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய். மனிதன் இயற்கையோடு இருந்த உறவை அறுத்துக்கொண்டான், தலைக்கு மேலே கத்தும் பறவைகூட அவன் காதில் விழுவதில்லை என்று அவர்கள் நொந்துகொண்டதை நீ சொல்லும் இடத்தை அப்பாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். அதே வாரம்தான் நீ இந்தக் காரியத்தைச் செய்தாய்.

எங்களைக் கண்காணிக்கப் பின்வாசலுக்கு மேலே நீ மாட்டவைத்த கேமராவின் முதுகில் குருவி கூடு கட்டியிருந்தது. கதவைச் சாத்தினால் கூடு அதிரும் என்று அப்பா அந்த முழங்கால் வலியோடு முன்வாசல் வழியாகவே சுற்றிப் போய்த் துணி காயப்போட்டார். படத்தை வைக்கோல் மறைக்கிறது என்று நீ சொன்னபோதே, குஞ்சு பறக்கும்வரை பொறு என்றேன், சரிம்மா என்றாய். அப்படிச் சொல்லிவிட்டு, நாங்கள் கண் ஆஸ்பத்திரிக்குப் போன நேரம் பார்த்து கேமராக்காரரை அனுப்பியிருக்கிறாய். திரும்பி வந்தால் லென்ஸ் பளபளக்கிறது, கூடு குப்பைக்கூடையில் கிடக்கிறது, முட்டையெல்லாம் உடைந்து வைக்கோலில் ஒட்டியிருக்கிறது. அவரைக் கேட்டால், “எனக்கென்னம்மா தெரியும், அக்காதான் சுத்தமா எடுத்துடுங்கன்னாங்க” என்கிறார். அப்பா அன்று சாப்பிடவில்லை. படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில் என்று சும்மாவா சொன்னார்கள்.

அது வேற கூடு கட்டிக்கும்மா, உங்க பாதுகாப்புதான் முக்கியம் என்று செய்தி வேறு அனுப்புகிறாய். கேமரா வந்ததிலிருந்து நீ போன் செய்வதே குறைந்துவிட்டது, கேட்டால் தினமும் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன் என்பாய். அப்பா தினம் காலையில வந்து நின்னு என்னையே பார்க்கறார்மா என்று பெருமைப்பட்டாயே, அவர் உன்னைப் பார்க்கவில்லை. அந்தக் கூட்டைத்தான் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். உன் மனம் நோகும் என்று சொல்லாமல் இருந்தேன், இப்போது நோகட்டும்.

நேற்று அந்தக் குருவி வாயில் ஒரு வைக்கோலோடு திரும்ப வந்தது. நான் கேமராவின் ப்ளக்கைப் பிடுங்கிவிட்டேன். படம் கறுப்பாகத்தான் இருக்கும், பதறாதே, யாரையும் அனுப்பாதே.

பேரனுக்கு என் முத்தம், மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசி, திட்டினாலும் உனக்கும் சேர்த்துத்தான். எங்களைப் பார்க்க வேண்டுமென்றால் நேரில் வா. வரும்போது முன்வாசல் வழியாக வா.

இன்னும் கோபம் ஆறாத
உன் அம்மா