முக்காடும் லைஃப் ஜாக்கெட்டும்

ஏதென்ஸ், பிப்ரவரி 9

அன்புள்ள ரிகோபூலா,

போனில் பேசினால் சண்டையில்தான் முடிகிறது. அதனால் எழுதுகிறேன். பிரிந்து வந்த கணவனின் கடிதத்தைப் பிரிப்பாயோ என்னவோ.

இந்தக் குளிர்காலம் முழுக்க ஒரே கனவு. தீவில் நடந்த நம் கல்யாண நாள். மீன்பிடிக்கப் போன மினாஸின் படகு புயலில் மாட்டிக்கொண்டதென்று கேட்டதும், விருந்துக்கு நடுவில் எழுந்து உன் படகை எடுத்துக்கொண்டு போனாயே, அப்படியே நிற்கிறாய். பூவேலை முக்காடு, மார்பு நிறையத் தங்கக்காசு மாலை, அதன்மேல் ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட். கடலும் நீயும் ஒரே நீலத்தில் கரைகிறீர்கள்.

அதை நீர்வண்ணத்தில் தீட்டுகிறேன். உடுப்பு படத்தில் சரியாக வந்துவிட்டது. முகம் மட்டும் ஈரத்தில் பரவிக் கலங்கிப்போகிறது. வசந்தக் கண்காட்சிக்குப் படம் கேட்கிறார்கள். இங்கே வந்து சில நாள் எதிரே உட்காருவாயா? படகை விற்காவிட்டால் போகிறது, கட்டிப்போட்டாவது வரலாமே.

உன்,
தெமிஸ்

தியாஃபானி, பிப்ரவரி 24

தெமிஸ்,

பிரித்தேன். காப்பிக்கடையில் வைத்துப் பிரித்ததுதான் தப்பு. கடைக்காரி சொஃபீலா தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டாள்.

"ஏண்டி, தங்கத்துக்கு மேல ஜாக்கெட்டா? எவளாவது இந்தக் கோலத்துல நிப்பாளா?"

"நான் நின்னேனே."

"அதான் உன் புருஷன் கப்பலேறிட்டான்."

இருவரும் சிரித்தோம். வீட்டுக்கு வந்ததும் எனக்குச் சிரிப்பு போய்விட்டது.

அன்று மினாஸைக் கரை சேர்த்துவிட்டு, நனைந்த உடுப்போடு உன்னிடம் ஓடி வந்தேன். "இந்தப் படகை வித்துடு" என்றாய். அதற்குப் பிறகும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாய். சாரியா தீவுக்கு ஆட்டுக்காரர்களை ஏற்றிப்போக இங்கே வேறு படகு இல்லை. நான் வருவதற்கில்லை.

ஒன்று மட்டும் சொல். உன் கனவில் என் முகம் எப்படி இருக்கிறது?

ரிகோபூலா

ஏதென்ஸ், மார்ச் 19

என் ரிகோபூலா,

கனவில் நீ பயந்துபோய் நிற்கிறாய். வரைந்து வரைந்து அழித்த பிறகுதான் புரிந்தது, அந்தப் பயம் என்னுடையது. கரையில் நின்று நடுங்கியவன் நான். நீ சிரித்துக்கொண்டே வந்தாய், உப்புத்தண்ணீர் சொட்டச் சொட்ட, ஒரு கையால் முக்காட்டைப் பிடித்தபடி.

அந்தச் சிரிப்பை வரைந்தேன். வெயில் படும் கன்னத்தில் சாயமே வைக்கவில்லை. வெறும் காகிதமாக விட்டேன். அது தானே ஒளிர்கிறது. கண்காட்சியில் ஒரு அம்மாள் வெகுநேரம் பார்த்துவிட்டு, "இந்தப் பொண்ணு யார் சொன்னாலும் கேக்கமாட்டா போலிருக்கே" என்றார். "நான் சொல்லியே கேக்கல" என்றேன்.

யாருக்கும் விற்கவில்லை. உனக்கே கப்பலில் அனுப்பியிருக்கிறேன். நீ வர வேண்டாம். படகைப் பற்றி இனி வாய் திறக்கமாட்டேன்.

தெமிஸ்

தியாஃபானி, ஏப்ரல் 6

தெமிஸ்,

படம் நனையாமல் வந்து சேர்ந்தது. சொஃபீலா பார்த்துவிட்டு ஒன்றுமே பேசவில்லை. அவள் பேசாததைத்தான் ஊரே பேசுகிறது. மினாஸ் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்.

கட்டிலுக்கு எதிரே மாட்டியிருக்கிறேன். விடியும்போது கண் விழித்தால் கடல் அறைக்குள் வந்துவிட்டது போலிருக்கிறது. தூக்கமா விழிப்பா என்று கொஞ்ச நேரம் தெரிவதில்லை. அழுதேன் என்று எழுதினால் உனக்குக் கர்வம் வந்துவிடும். அதனால் எழுதவில்லை.

ஈஸ்டருக்கு அடுத்த செவ்வாய், ஊர்த் திருவிழாவுக்கு அந்தக் கல்யாண உடுப்பைப் போடுவேன். ஊர்வலம் முடிந்ததும் சாரியாவுக்குப் படகு எடுக்கிறேன். நீ என் படகில் ஒருநாளும் ஏறியதில்லை. ஏதென்ஸுக்கு நான் வரமாட்டேன். இங்கேயே இருந்துவிடு என்று உன்னையும் கட்டாயப்படுத்தமாட்டேன். அன்றைக்குத் துறையில் உனக்காகக் காத்து நிற்கவும் மாட்டேன், படகில்தான் இருப்பேன்.

கயிற்றை அவிழ்ப்பதற்குள் ஏறிக்கொள்.

ரிகோபூலா