கடித்து மாட்டிய ரொட்டி

மார்ச் 9
புகாராவின் பழைய நகரில் இன்று மூன்றாவது வீடு. தரகர் ஷவ்கத் "பழமை" என்றால் குழாய் இல்லை என்று பொருள். "அமைதி" என்றால் பக்கத்து வீடு இடிந்துவிட்டது. கூரையெல்லாம் தங்கப் பூ வேலை. கழிப்பறை மட்டும் முற்றத்தைத் தாண்டி, அநேகமாகச் சமர்கந்தில். இதைச் சொன்னதும் மவ்ஜுதா தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஐம்பத்துமூன்று வயதிலும் கட்டிய மனைவியைச் சிரிக்கவைக்கிறேனே என்று எனக்குக் கொஞ்சம் கர்வம்.

மார்ச் 15
சும்மா வேடிக்கைக்குத்தான் வீடு பார்க்கிறோம் என்று நினைத்திருந்தேன். அவளுக்கு அப்படி இல்லையாம். எங்கள் மகள் நிகினா செப்டம்பரில் ஜெர்மனிக்கு நர்ஸ் வேலைக்குப் போகிறாள். "இந்த நாலாவது மாடி டப்பாவ நினைச்சுக்கிட்டா அவ திரும்பி வருவா? ஒரு முற்றம், ஒரு மாதுளை மரம் இருந்தா வருவா" என்கிறாள்.
இது எனக்கு ஏன் தோன்றவில்லை?

மார்ச் 22
வீடு கிடைத்தது. கை நழுவியது. இரண்டுக்கும் நடுவில் என் வாய்.
யூதர் தெருவில் சனோபர் அக்காவின் வீடு. செதுக்கிய மரத்தூண்கள், சுவர் நிறைய மாடக்குழிகள், முற்றத்தில் மாதுளை. மவ்ஜுதா தூணைத் தடவிக்கொண்டே நின்றாள். விலையும் படிந்தது. அக்கா முட்டிவலியோடு மகள் வீட்டுக்குப் போகிறாள். ஒரே ஒரு நிபந்தனை: ஆணியில் தொங்கும் காய்ந்த ரொட்டி.
"என் பையன் ரஷ்யாவுக்குப் போறப்ப நம்ம வழக்கப்படி ஒரு வாய் கடிச்சுட்டுப் போனது. மிச்சத்த வந்து அவன்தான் சாப்பிடணும். இந்த வீட்டத்தானே தேடி வருவான்? எடுத்துடாதீங்க."
"தூசு படாமப் பாத்துக்கறேன் அக்கா" என்றாள் மவ்ஜுதா.
அதோடு விட்டிருக்கலாம். விட்டேனா?
"இதத் தின்னணும்னு தெரிஞ்சா எவன்க்கா திரும்பி வருவான்?"
ஷவ்கத் விழுந்து விழுந்து சிரித்தான். அக்காவும் சிரித்தாள். அதுவரை கால் கோப்பை, கால் கோப்பையாகத் தேநீர் ஊற்றி உபசரித்தவள், என் கோப்பையை விளிம்புவரை நிரப்பி வைத்தாள். எழுந்து போ என்பதை இதைவிட மரியாதையாகச் சொல்ல முடியாது.

மார்ச் 23
ஷவ்கத் போன் செய்தான். "அண்ணே, உங்களுக்கு இல்லையாம்."
மவ்ஜுதா: "மொதல்ல உங்க வாய்க்கு ஒரு வீடு பாருங்க. அது தனியா இருக்கட்டும்."
நல்ல நகைச்சுவை. நான் சொல்லியிருக்க வேண்டியது.

மார்ச் 26
அல்வாப் பெட்டியோடு போனேன். அக்கா கதவைப் பாதிதான் திறந்தாள். "மன்னிச்சுட்டேன் தம்பி. வீடுதான் இல்ல." பெட்டியை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

மே 4
அக்கா வீட்டை விடுதி நடத்தும் ஒருவர் வாங்கிவிட்டாராம். ரொட்டி விஷயத்தைக் கேட்டுத் தலையாட்டினாராம், அவ்வளவுதான். தலையாட்டுவது இவ்வளவு சுலபமா?

ஜூலை 18
அந்த விடுதிக்காரர் ரொட்டியைத் தூக்கி எறிந்திருப்பார், நாலு வார்த்தை திட்டலாம் என்று ஆசையாகப் போனேன். கதவு திறந்திருந்தது. வெள்ளையடித்த சுவரில் அதே ஆணி. ரொட்டியின் மேல் மெல்லிய துணிகூடப் போர்த்தியிருந்தார்கள்.
திட்ட ஆளில்லாமல் வீடு திரும்பினேன். மவ்ஜுதாவிடம் சொல்லவில்லை.

செப்டம்பர் 2
விடியலில் நிகினா கிளம்பினாள். மவ்ஜுதா ரொட்டியை நீட்ட, அழுதுகொண்டே ஒரு வாய் கடித்தாள். ரொம்பச் சின்னக் கடி.
எங்கள் சமையலறைச் சுவர் கான்கிரீட். ஆணி இறங்கவில்லை, இரண்டு வளைந்தன. மவ்ஜுதா ரொட்டியை ஏந்தியபடி என் முகத்தையே பார்த்தாள். ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தாள். நாக்கு நுனியில் ஒரு கிண்டல் இருந்தது, நல்லதாகவே.
கீழ் வீட்டுக்குப் போய்த் துளைபோடும் மெஷின் இரவல் வாங்கி வந்தேன்.